நொட்டாங்கை மாவளி

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவின்முறையாருக்கும் ஊராருக்கும் வணக்கம். உங்களிடம் கொடுத்திருக்கும் இந்தச் சிறு ஓலைக்கட்டு என் அக்காளைப் பற்றியது. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தினாலும் பரவாயில்லை. எழுதும்போது நானும் அதைத்தான் செய்தேன்.

மீன்பிடிக்கிற வீட்டில் இறந்தவருக்கு ஓலை எழுதும் வழக்கம் ஏது என்று சிலர் கேட்டார்கள். நான் பழவேற்காட்டுக் கோட்டையில் துணிக்கட்டுகளுக்கு அடையாள ஓலை எழுதிப் பிழைப்பவன். போகிற வழியில் ஒல்லாந்துக்காரர்களின் இடுகாடு இருக்கிறது. இறந்தவர் எங்கே பிறந்தார், எப்படி வாழ்ந்தார் என்பதையெல்லாம் அவர்கள் கல்லில் வெட்டி நட்டு வைக்கிறார்கள். என் அக்காளை அடக்கம் செய்த மணலை ஏரித் தண்ணீர் ஏறி இறங்கிச் சமமாக்கிவிட்டது. கல்லுக்கு எனக்கு வக்கில்லை. ஓலை கைக்குப் பழகியது, அதனால் ஓலையில் எழுதுகிறேன்.

அக்காள் பிறந்தது பசியாவரம் தீவில். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். நைனா ஏரியே கதியென்று கிடப்பவர். என்னை வளர்த்தது அக்காள்தான். அவருக்கு எல்லாமே இடது கை. சோறு மட்டும் வலது கையால் சாப்பிடுவார், அதுவும் நைனா எதிரில் இருந்தால்.

"இன்னாடி இது, எல்லாத்தையும் நொட்டாங்கையில செய்றே? சாமி கோச்சுக்கும்" என்பார் நைனா.

"சாமி ஒண்ணியும் கோச்சுக்கல நைனா. நீதான் கோச்சுக்கிறே" என்பார் அக்காள்.

அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. கோடையில் நுங்கு தின்று எறிந்த மட்டைகளைக் குச்சியில் கோத்து வண்டி செய்து தருவார். காற்று மாறினால் ஓலைக் காத்தாடி. மழை ஓய்ந்து ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியதும், அவை உதிர்த்த இறகுகளைப் பொறுக்கிப் பெண் குழந்தைகளின் சடையில் செருகிவிடுவார். தை மாதம் பனங்கிழங்கு வேகும் பானையைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்திருக்க, அது வெந்து முடிவதற்குள் ஒரு கிலுகிலுப்பை முடைந்துவிடுவார். உள்ளே சின்னக் கிளிஞ்சல்கள் கலகலக்கும். அக்காள் முடைந்த சாமான்களில் முறுக்கு இடப்பக்கமாக ஓடும். அதனால் எந்தக் குழந்தை எதைத் தொலைத்தாலும், யார் செய்தது என்று கேட்காமல் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள்.

இவற்றிலெல்லாம் அவருக்கு உயிர், கார்த்திகை மாவளி. ஆண்பனையின் பூவை மூடிச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழந்துணியில் விரல் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டுவார். அதைப் பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, கயிற்றில் கோத்து, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். எல்லாரும் ஒரு பக்கமாகச் சுற்ற, அக்காளின் வட்டம் மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடும். அதைப் பார்த்துத்தான் மாமா பெண் கேட்டு வந்தார் என்று ஊரில் கேலி உண்டு. மாமா அதை மறுத்ததே இல்லை.

அக்காளைக் கட்டிய மாமா கட்டுமரக்காரர். அவரும் அவர் தம்பியும் ஒரே மரத்தில் போவார்கள். தம்பியை நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். ஒரு கார்த்திகையன்று கரைக்கு வெளியே கப்பல் வந்து நிற்க, நல்ல நாளும் அதுவுமாகச் சரக்கு இறக்க இருவரும் போனார்கள். பொழுது சாயும்போது காற்று திரும்பியது. மழை கொட்டி ஓய்ந்தது, காற்று மட்டும் ஓயவில்லை. மற்ற மரங்கள் வந்து சேர்ந்தன. மாமா மரத்தைக் காணவில்லை. அக்காள் ஓடத்தில் ஏறி முகத்துவாரத்துக்குப் போய், கடலைப் பார்த்து நின்று, வீட்டில் சுற்ற வைத்திருந்த மாவளிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்திச் சுற்றினார்.

நம்மவர்களுக்கு இது புரியும். வெளியார் கையில் இந்த ஓலை கிடைத்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மாவளியை நாம் ஊருக்குள்தான் சுற்றுவோம். கடலில் இருப்பவர் அதைப் பார்த்தால் ஊர் மணல், அலையில்லாத கரை என்று நம்பி வருவார். முகத்துவாரத்திலோ அலை வந்து உடையும். அந்தப் பதைப்பில் அக்காளுக்கு இது தோன்றவில்லை.

விடிந்தபோது சின்ன மாமா மணலில் நினைவின்றிக் கிடந்தார். மாமா வரவேயில்லை. நினைவு வந்ததும் சின்ன மாமா சொன்னது ஒன்றுதான்: "அண்ணி மாவளியப் பாத்தோம்." அதன்பின் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மீதிக் கதையை ஊர் கட்டிக்கொண்டது. நொட்டாங்கைக்காரி வெளிச்சம் காட்டிப் புருஷனை அலையில் தள்ளிவிட்டாள் என்றார்கள். அந்த வார்த்தையைச் சொன்னவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் இதை முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அக்காளும் அதை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குப் பிறகும் கிலுகிலுப்பை முடைந்தார், காத்தாடி செய்தார், ஆண்டுதோறும் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் மாவளி கட்டிக் கொடுத்தார். கார்த்திகை அன்று பொழுது சாய்ந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு பொறிகூட அவர் கண்ணில் படக்கூடாது. தலை நரைக்கும் வரை அப்படித்தான் இருந்தார்.

இந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மதியம் சின்ன மாமா வந்து கால்மாட்டில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணி, அன்னிக்கு மரம் அலையில ஒடையல. அதுக்கு முன்னாடியே கயிறு அறுந்து பிரிஞ்சிபோச்சு. ஒரு கட்டைதான் மிச்சம். கரை எந்தப் பக்கம்னே தெர்ல. அப்பத்தான் நெருப்பு தெரிஞ்சுது. நான் ஊருன்னு நெனச்சேன். 'ஊரு இல்லடா, வட்டம் தலைகீழா ஓடுது பாரு, அது உங்க அண்ணி கை. முகத்துவாரத்தாண்ட வந்து நிக்கிறா. அதையே பாத்துக்கினு போ'ன்னு அண்ணன் சொல்லிச்சு. கட்டை ரெண்டு பேரைத் தாங்கல. அண்ணன் கைய வுட்டுட்டுச்சு."

அக்காள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி வருசமா இன்னாத்துக்குச் சொல்லல?"

"அண்ணன் கட்டையில பொழச்சி வந்தவன் அண்ணி நான். எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

"அப்ப அவரு என் கையப் பாத்துட்டுத்தான் போனாரா?"

"பாத்துச்சு அண்ணி. சிரிச்சுச்சு."

அக்காள் முகத்தைச் சின்ன மாமா பக்கம் திருப்பினார். பிறகு, "நீ சாப்ட்டியா?" என்று அவரைக் கேட்டார். சின்ன மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

கார்த்திகை அன்று கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். வாசலில் குழந்தைகள் சுற்றினார்கள். பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை போர்வைக்கு வெளியே வந்து மெல்ல வட்டம் போட்டது. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். என் அக்காளின் வெளிச்சம் யாரையும் கொல்லவில்லை. ஓர் உயிரைக் கரை சேர்த்தது. அந்த உயிர் சொல்லித்தான் இதை எழுதினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். காய்ச்சல் நாட்களில் கஞ்சி காய்ச்சி அனுப்பிய மரக்காயர் வீட்டுப் பெண்களுக்கும், காரியத்துக்கு அரிசி கொண்டுவந்த காட்டூர்ப் பெரியப்பாவுக்கும், அனுப்பம்பட்டிலிருந்து சேற்றில் நடந்து வந்தவர்களுக்கும், ஓடம் தள்ளிய பசியாவரத்துத் தம்பிகளுக்கும் கை கூப்புகிறேன்.

சின்ன மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காள் இடித்து வைத்த கரித்தூள் ஒரு பானையில் மீந்திருக்கிறது. துக்க ஆண்டு கழிந்து வரும் கார்த்திகையில் முகத்துவாரத்தில் நின்று அதைச் சுற்றப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வலது கைக்காரர். சாயங்காலங்களில் கரையில் வெறும் கயிற்றை இடது கையில் பிடித்துச் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார். கயிறு போய்க் காலில் சிக்குகிறது. பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றுகிறார்.