நிறம் நிற்கும் அரை நிமிடம்

என் வீட்டுச் சமையல் மேடையில், உப்பு ஜாடிக்கு அடியில், ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு இருக்கிறது. ஒரு மூலை உடைந்தது. வருகிறவர்கள், "பாத்ரூம் டைல்ஸ் மிச்சமா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். யாரிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பது?

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சாலையோரம் இருந்த ஒரு பழரசத் தொழிற்சாலையில் நான் லேப் உதவியாளராக இருந்தேன். இப்போது கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகிற ஒரகடம் பக்கமெல்லாம் அன்றைக்கு ஏரியும் நெல்லும்தான். தொழிற்சாலையில் பெண் என்று நான் ஒருத்தி. கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஒரு ஸ்டவ், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. இவ்வளவுதான் என் வாழ்க்கை. பாட்டில் கழுவுகிற ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில நாள் என் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோகும். என்னோடு பேச இருந்தவர் கெமிஸ்ட் சார் ஒருவர்தான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், மூன்று பெண்களுக்கு அப்பா, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில்.

எலுமிச்சை ரசத்தில் புளிப்பு எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நாக்கில் வைத்துப் பார்க்கிற புளிப்பு இல்லை, எண்ணாக எழுதுகிற புளிப்பு. அந்த வெள்ளை ஓட்டின்மேல் கண்ணாடிக் குடுவையை வைத்து, ரசத்தை அளந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, நிறங்காட்டி மருந்து இரண்டு சொட்டு விடுவோம். மேலே பியூரெட் என்கிற கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய். அதிலிருந்து, புளிப்பை முறிக்கிற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். புளிப்பு முழுக்கத் தீர்ந்ததும் குடுவைக்குள் லேசான ரோஜா நிறம் எட்டிப் பார்க்கும், கலக்கினால் மறைந்துவிடும். கலக்கியும் மறையாமல் அரை நிமிடம் நின்றால்தான் முடிந்ததாக அர்த்தம். எத்தனை மில்லி காரம் செலவானதோ, அதை வைத்துக் கணக்குப் போட்டால் புளிப்பு தெரிந்துவிடும்.

சேர்ந்த இரண்டாவது வாரம். சார் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். குடுவை பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மனிதர் குழாயை மூடுகிற வழியைக் காணோம். "ஐயோ சார், அது எப்பவோ வந்துடுச்சே!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்கு அந்த வெளிர் கலர் தெரியாதும்மா. நல்லாக் கறுத்தாத்தான் தெரியும். அப்புறம் குத்துமதிப்பா ரெண்டு மில்லி கழிச்சு எழுதிக்கினு இருக்கேன். காலேஜ்ல பக்கத்துல நின்னவனைப் பாத்தே ஓட்டிட்டேன். வெளியில சொல்லிடாதம்மா, வேலை போயிடும்."

நான் ஏன் சொல்லப்போகிறேன்? மறுநாளிலிருந்து கண் என்னுது, கணக்கு அவருது. அவர் சொட்டு விடுவார், நான் குனிந்து பார்ப்பேன். "வந்துடுச்சாம்மா?" "இன்னும் இல்ல சார்." இன்னொரு சொட்டு. "வந்துடுச்சாம்மா?" "வந்துடுச்சு சார்." பிறகு அந்த அரை நிமிடம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நான் குடுவையைப் பார்ப்பேன். இரண்டு பேரும் மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவோம். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இது நடக்கும். மூன்று வருஷம் நடந்தது. ஒரு சொட்டுகூட நான் தப்பாகச் சொன்னதில்லை. அவர்மேல் எனக்கு ஆசை இருந்தது. அதை அவரிடமோ வேறு யாரிடமோ சொல்ல வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அந்த அரை நிமிடங்கள் எனக்குப் போதுமாக இருந்தன.

என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். வினை அங்கேதான். அந்த இரண்டு நாளும் சார் தனியாகப் பார்த்து, பழையபடி குத்துமதிப்பாகக் கழித்து எழுதியிருக்கிறார். கழித்தது போதவில்லை. இருந்ததைவிட அதிகமாகப் புளிப்பு இருப்பதாக எழுதிவிட்டார். அதை நம்பி, சேர்க்க வேண்டிய அளவு சிட்ரிக் அமிலம் சேர்க்காமல் பாட்டிலில் அடைத்தார்கள். பத்தாம் நாள் குடோன் ஆள் ஓடிவந்தார். "சார், பாட்டிலுங்கல்லாம் பட்டாசு கணக்கா வெடிக்கிது சார்!" அமிலம் குறைந்ததால் ரசம் நொதித்துப் பொங்கிவிட்டது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "யாருய்யா டெஸ்ட் பண்ணது?" என்றார். சார் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்லிவிடுவார் போலிருந்தது, உதடு அசைந்தது. நான் முந்திக்கொண்டேன். "ரசமே மஞ்சள் சார். அதுல ரோஸ் கலர் எடுபடாது. யார் பாத்தாலும் தப்பும். புளிப்பைக் காட்டுற மீட்டர் வாங்கிக் குடுத்தீங்கன்னா முள்ளைப் பாத்துச் செய்யலாம்." பாதிப் பொய்தான். ஆனால் பிடித்துக்கொண்டது. வேலை தப்பியது. வெளியே வந்ததும் சார் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

இரண்டு மாதத்தில் பி.ஹெச். மீட்டர் வந்தது. ரேடியோப் பெட்டி அளவு. அதன் கண்ணாடிக் கம்பியைக் குடுவைக்குள் விட்டுக் காரத்தைச் சொட்டவிட்டால், முள் மெல்ல ஏறும். எட்டைச் சற்றுத் தாண்டி நின்றால் வேலை முடிந்தது. நிறம் எதற்கு? ஆள் எதற்கு? சார் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "இனிமே யாரையும் கேக்க வேணாம்மா" என்றார். ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை, பாவம். எனக்கு எதிர் மேஜை ஒதுக்கினார்கள். பாட்டில் மூடி சரிபார்க்கிற வேலை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. முதுகுக்குப் பின்னால் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குத் திரும்பி, ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு அழுவேன்.

மீட்டர் வேலை தெரிந்தவர் என்பதால் அடுத்த வருஷமே அவருக்குப் பம்பாயில் நல்ல வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம், வழியனுப்பு மாலையும் காப்பியும் ஆன பிறகு, லேபுக்கு வந்து மீட்டரின் சுவிட்சை அணைத்தார். அலமாரியிலிருந்து இந்த ஓட்டை எடுத்துத் துடைத்தார். பாட்டிலுக்குப் போகாத மிச்ச ரசம் கொஞ்சம் இருந்தது. பியூரெட்டைக் கழுத்துவரை நிரப்பிவிட்டு, "வாம்மா, ஒரு தடவை பாத்துடலாம்" என்றார்.

சொட்டு விட்டார். ரோஜா நிறம் வந்தது. கலக்கினார், நின்றது.

"வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல சார்."

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் இன்னொரு சொட்டு விட்டார். நிறம் ஏறியது, சிவந்தது, கறுத்தது. அவர் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரு கணம் குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குழாயில் கை வைத்து, மெதுவாக, "வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார்."

பியூரெட் காலியாகும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, ஐம்பது மில்லி என்று எழுதி, ஒன்றும் கழிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

தொழிற்சாலையை மூடினபோது இந்த ஓட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். காலையில் உப்பு ஜாடியை நகர்த்தி இதைத் துடைக்கும்போது சில நாள் அந்தக் குரல் காதில் விழும். இன்னும் இல்ல சார் என்று சத்தமாகவே சொல்லிவிடுவேன். கேட்க வீட்டில் யார் இருக்கிறார்கள்.