சாடியில் குறைந்த புகையிலை

கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில் போன வாரம் அந்தச் சாடியைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. வெள்ளைப் பீங்கான், வயிற்றைச் சுற்றி நீலக் கொடி, பித்தளைக் குமிழ் வைத்த கனத்த மூடி. எத்தனை சாடிகளுக்கு நடுவே வைத்தாலும் இதை நான் அடையாளம் சொல்வேன். காப்பித் தோட்டத்துப் பங்களாவில் கூட்டித் துடைக்கும் வேலையில் நான் இருந்த காலம் முழுக்க, வெள்ளைக்காரத் துரை சுங்கானில் போட்டுப் புகைக்கும் புகையிலை இதற்குள்தான் இருந்தது. எங்கள் சமையல்கார அண்ணனைத் திருடனாக்கியதும் இந்தச் சாடிதான்.

அண்ணன் என்று நான் கூப்பிட்டாலும் உடன்பிறந்தவர் அல்லர். திருச்சிப் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்தவர். வெற்றிலை போடுவார், புகையிலை மட்டும் அவருக்கு ஆகாது. முன்னறையில் துரை சுங்கானைப் பற்றவைத்தால் அடுப்படியில் இவர் தும்மத் தொடங்குவார். "அங்க பொகைஞ்சா இங்க மழை பெய்யுது" என்று தோட்டக்காரர் கேலி செய்வார். அந்தத் தும்மலுக்காகத் துரையே அவரைப் பலமுறை திட்டியிருக்கிறார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாசி மாதம் துரை கொழும்புக்குப் போனார். போகிற அவசரத்தில் சுங்கானை நிரப்பிக்கொண்டு, சாடியின் மூடியை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுப் போனார். அந்தச் சாடியில் வேலைக்காரர் யாரும் கை வைக்கக் கூடாது என்பது பங்களாச் சட்டம். அதனால் ஒருவரும் மூடவில்லை. மாசிக் காற்று எப்படிப்பட்டது என்று கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உதடே வெடித்துப்போகும். துரை வெகுநாள் கழித்துத் திரும்பியபோது புகையிலை சருகாகிச் சுருங்கி, சாடியில் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. பங்களாச் சாவி அண்ணனிடம் இருந்ததாம், அது போதுமாம். அவரை வாசல் விறாந்தைக்கு அழைத்து, "நீ திருடன். பொகையில எடுத்தது நீ" என்று நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார். அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். துரை சாடியையும் அங்கே கொண்டுவந்து வைத்திருந்ததால் தும்மல்தான் வந்தது. அதையாவது கவனிக்க வேண்டாமா அந்த மனிதர்? நாங்கள் மூடி வைத்திருந்தால் ஏன் தொட்டீர்கள் என்று குதித்திருப்பார். தொடாமல் இருந்ததற்குத் திருட்டுப் பட்டம் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது உத்தரவு. அண்ணன் மனைவிக்கு நிறைமாதம். அண்ணன் சாவியை என் கையில் வைத்து, "தங்கச்சி, ஒலையில அரிசி கெடக்கு, பாத்துக்க. தொரைக்குச் சாப்பாடு தாமசமாயிரப் போவுது" என்றார். "இப்பவும் அந்தாளு சாப்பாடா அண்ணே?" என்று கேட்டேன். "வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். திருடன்னு பேரெடுத்துட்டு எந்த பங்களாப் படிய மிதிப்பேன்? பொறக்கப்போற புள்ளைக்கு என்னான்னு சொல்லுவேன்?" என்றார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, வயிற்றைப் பிடித்தபடி அந்த அக்கா பின்னே நடந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மாத்தளைப் பாதையில் போனார்கள்.

அன்று மாலையே துரை என்ன செய்தார் தெரியுமா? அண்ணன் வாங்கி வைத்திருந்த கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கைக் கொண்டுவரச் சொன்னார். பேனாக்கத்தியால் மெல்லிய வில்லையாக அரிந்து, புகையிலைமேல் வைத்து மூடினார். காய்ந்த புகையிலை கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். இழுத்தும் கொண்டது. இரண்டொரு நாளில் வில்லை வாடிச் சுருண்டது. புகையிலை இளகி, துரை விரலால் கிளறிவிடக் கிளறிவிட உப்பி, பழைய இடத்துக்கே ஏறி நின்றது. அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். இன்றைக்கும் என் நெஞ்சு ஆறாத இடம் இதுதான். காய்ந்ததை ஈரமாக்கத் தெரிந்தவருக்குக் காய்ந்தால் சுருங்கும் என்று தெரியாதா? தெரியும். ஏனென்று கேட்க ஆளில்லை என்பதும் தெரியும்.

நான் கேட்டேன். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "தொரைகளே, பொகையில கொறையலையே. அண்ணன் எடுக்கலையே. ஆளனுப்பிக் கூப்பிடுங்க" என்றேன். "வேற சமையல்காரன் வருது. நீ போ" என்றார்.

"ஆளு வரும் தொரைகளே. அண்ணன் பேரு திரும்பி வருமா?"

துரை சுங்கானை நிரப்பிக்கொண்டிருந்தார்.

மாத்தளைப் பக்கம் போகும் வண்டிக்காரர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினேன். "சமையக்கார அண்ணனக் கண்டா, பொகையில சாடியிலதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க." கண்டதாக ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பழி அந்தப் பாதையில் நடந்து போனது, பாவம் விறாந்தையில் உட்கார்ந்து புகை விட்டது. பிறகு காப்பி இலையில் நோய் விழுந்து மலை மலையாகச் செடிகள் பட்டுப்போயின. துரை சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அவரை யாரும் விறாந்தையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"என்னம்மா, அதையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எறக்கித் தரட்டா?" என்றார் கடை நானா. இறக்கித் தந்தார். மூடி தனியாகக் கிடந்தது. முதன்முதலாக அந்தச் சாடிக்குள் கையை விட்டேன். வெறுஞ்சாடி.

"உள்ளுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"இல்லதான் நானா. அதுக்கு இப்ப யாரத் திருடன்னு வெரட்டுவாங்க?" என்றேன். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

மூடியை எடுத்து அழுத்தி மூடினேன். கண் மூடித் திறக்கும் நேரத்து வேலை. துரை அன்றைக்கு இதைச் செய்துவிட்டுப் போயிருந்தால், அண்ணன் பிள்ளை எங்கள் தோட்டத்திலேயே பிறந்திருக்கும்.