ரிசல்ட்டுக்கு முன்னே ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

போன வாரம் ஒரு கல்லூரியில் மாணவர்கள் உருவாக்கிய கணினி விளையாட்டுகளுக்கு மார்க் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு பையனின் விளையாட்டைத் திறந்ததும் திரை கறுத்துவிட்டது. ஒரு நொடிதான், உடனே படம் வந்தது. அதற்குள் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "மேடம், வெள்ளம் வேணோ?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கறுப்புத் திரையைப் பார்த்துப் பயப்படுகிற நடுவர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கணினி சூடேறித் தூசி கருகும் மணம் வந்தது. அந்த மணம் எனக்குப் பழக்கமானது. எங்கள் எல்லையோர ஊரிலிருந்து கேரளத்துத் தனுவச்சபுரத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்த காலத்தில் மாமா மகன் கைவிட்ட ஒரு லேப்டாப்தான் எனக்குக் கிடைத்தது. கொஞ்ச நேரத்திலேயே கொதித்துவிடும். அம்மா ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் அடியில் வைப்பாள். "இந்தச் சூட்டுல புட்டு அவிக்கலாமே மக்கா" என்பாள்.

அம்மாவுக்கு அண்டியாபீசில் வேலை. முந்திரிப்பருப்பு உடைக்கும் ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவளும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அந்தத் தலைக்கனம் இன்றும் கொஞ்சம் உண்டு, அன்று நிறையவே உண்டு. திருவனந்தபுரத்தில் ஒரு குழுவினர் கணினி விளையாட்டு உருவாக்கும் போட்டி அறிவித்தபோது, தோற்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் விளையாட்டில் படமே கிடையாது. கரண்ட் போன சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டம் வழியே வீட்டுக்குப் போக வேண்டும். காதுதான் வழிகாட்டி. தோடு என்று நாங்கள் சொல்லும் ஓடை இடது காதில் ஓடும், வலது காதில் யாரோ வீட்டு நாய் குரைக்கும். பின்னால் சருகு நொறுங்கும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். நானே செய்த விளையாட்டு, சோதித்துப் பார்க்கும்போது எனக்கே முதுகு கூசும். ஆனால் பின்னால் வந்தது அம்மாவின் காலடிதான். ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவளைச் சருகு மேல் நடக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். வீட்டு வாசலை எட்டியதும் அவள் குரல் கேட்கும்: "பேடிக்காத மக்கா, நான்தான். கூட்டிட்டுப் போவ வந்தேன்."

அந்த வாசலுக்கு நடுவர்கள் வரவே இல்லை. ஹெட்போன் மாட்டிக் காதால் வழி தேடவும் என்று முதலிலேயே எழுதியிருந்தேன், தமிழில் மட்டும். எங்கள் ஊரில் ஜெபம் தமிழில், மீன் பேரம் மலையாளத்தில். பஸ் போர்டு எந்த எழுத்தில் இருந்தாலும் ஓடிப்போய் ஏறிவிடுவோம். இரண்டில் ஒன்றை வாசிக்கத் தெரியாத மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த வாரம் அம்மா ஒரு காரியம் செய்தாள். எங்கள் சபையில், வீட்டில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பது வழக்கம். ஞாயிறு ஆராதனையில், கோயில் என்று நாங்கள் சொல்லும் சர்ச்சில், உபதேசியார் காரணத்தை மைக்கில் வாசிப்பார். அந்த வீட்டார் எழுந்து நிற்க வேண்டும். நான் ஜெயித்ததற்காக என்று சொல்லி அம்மா முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தாள்.

"ரிசல்ட் வரல்லியே அம்மா!"

"வரட்டு. நம்ம நன்றி முன்னால போயி நிக்கட்டு."

அதுவரை இல்லாத பயம் அந்த நிமிஷம் தொடங்கியது. பஸ்ஸில் ஃபோன் அதிர்ந்தால் எடுக்கப் பயம், எடுக்காமலிருக்கவும் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நான் கடைசி. நடுவர் குறிப்பு இரண்டு வரி: திரை கறுப்பாகவே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஹெட்போன் போட்டு மறுபடி பாருங்கள் என்று கெஞ்சி மெயில் அனுப்பினேன். மதிப்பீடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அழுகையைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. நாளை கோயிலில் பொய் வாசிக்கப்படும். அம்மா எழுந்து நிற்பாள்.

சொன்னேன். அம்மா லேப்டாப்பை மூடி வைத்தாள். பிறகு, "குடுத்தத திருப்பி வாங்கப்பிடாது. காரணத்த மாத்திச் சொல்லுவோம்" என்றாள்.

காலையில் நேரத்தோடே போனோம். உபதேசியார் கரகரத்த மைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொல்லச் சொல்ல, "செரி, செரி" என்று தலையாட்டினார். கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. ஆராதனை முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வீட்டில் பசு கன்று போட்டதற்காக. ஒருவருக்கு விசா கிடைத்ததற்காக. அடுத்தது எங்கள் வீட்டுப் பெயர்.

"மகள் விளையாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றதற்காக."

முன் பெஞ்சில் ஒரு அக்கா திரும்பி, "ஓட்டத்திலயா, சாட்டத்திலயா?" என்று கிசுகிசுத்தாள். தாண்டுவதற்கு எங்கள் ஊரில் சாட்டம் என்று பேர். அம்மா எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"உபதேசியாரே, பிள்ளைக்கு பிரைஸ் கெடைக்கல்ல. அவ ஒரு வெளையாட்டு செய்து முடிச்சா. அதுக்காக்கும் காணிக்கை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "செய்து முடித்ததற்காக" என்று திருத்தி வாசித்தார். அதன் பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அந்த அக்கா விடவில்லை. "தோத்ததுக்குமா காணிக்கை?"

"அவியளுக்குக் காது கேக்கல்ல. பிள்ள என்ன செய்யும்?" என்றாள் அம்மா. வீடு வரை என் கையை விடவில்லை.

அப்புறம் எனக்கு நல்லதும் நடந்தது. வேலை கிடைத்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள், கன்னத்தைத் தடவினாள், "உறப்பா மக்கா?" என்று கேட்டாள். நிச்சயம்தான் என்றேன். லெட்டரைக் காட்டினேன். தலையாட்டினாள், ஆனால் கோயிலுக்குப் போகவில்லை. வேலையில் சேர்ந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நான் வீட்டுக்கு வந்த அன்று, அதைக் கையில் வாங்கி என் ஃபோட்டோவைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் காணிக்கை கொடுக்கப் புறப்பட்டாள். படி இறங்கினவள் நின்று, திரும்பி, இன்னொரு தடவை கேட்டாள்.

"உறப்புதானே?"