முகத்தை விட்ட சின்யோரா

என் மனைவி வீட்டுவேலை செய்த வீட்டு அம்மணி, நாங்கள் இத்தாலியனில் சின்யோரா என்று அழைப்பவர், ஒரு பிரெஞ்சு ஓவியர். பிரான்சின் வடமேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் பிறந்து, பாரிசில் படித்து, ஒரு கோடையைக் கழிக்க என்று இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்டவர். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், பழைய கட்டிடம் ஒன்றின் மேல்மாடியில் வீடு. எனக்கு எதையும் காலவரிசையில் அடுக்கிப் பார்க்காவிட்டால் விளங்காது. மனைவியை அழைத்துவரப் போகும் மாலைகளில், சுவரோரம் சாத்திக் கிடந்த படங்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்பேன்.

பலவற்றுக்கு மனைவியே மாதிரியாகக் கதிரையில் இருந்து கொடுத்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வருடம் வரைந்த முதற் படத்தில் அவள் அப்படியே அவள்தான்: மூக்குத்தி, இடது புருவத்துத் தழும்பு, எண்ணெய் வைத்த வகிடு. அடுத்த பருவத்தில் முகம் கண்ணாடித் துண்டுகளாக உடைந்தது. பிறகு முகம் போய் நிறம் மட்டும் நின்றது. பிறகு கபோ சந்தையில் மீன் சுற்றித் தரும் தாளைக் கிழித்து ஒட்டினார். கடைசியில் வெறுந் துணியில் ஒரே ஒரு கோடு.

“வர வர என்னைக் காணேல்லை,” என்பாள் மனைவி. “ஆனா இருக்கிற நேரம் மட்டும் குறையேல்லை. அந்தக் கோட்டுக்கும் பின்னேரம் முழுக்கக் கதிரையில இருந்தனான்.”

இவ்வளவு அசலாக வரையத் தெரிந்தவர் ஏன் அதை விட்டார்? ஒருமுறை கேட்டபோது, அலுத்துவிட்டது என்றார். இன்னொரு முறை, கமரா அதை நன்றாகச் செய்கிறதே என்றார். மூன்றாம் முறை, “நீங்கள் ஏன் மீசையை எடுத்தீர்கள்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு பதிலும் மற்றதோடு பொருந்தவில்லை.

சென்ற வசந்தத்தில், மாடிப்படி ஏறமுடியாமல் போனதால், பிரான்சிலுள்ள தங்கையிடமே போய்விட முடிவு செய்தார். நினைவாக ஒரு படத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மனைவி வாய் திறக்குமுன் நான் முதற் படத்தைக் காட்டினேன். சின்யோரா உதட்டைச் சுழித்தார். ஆனாலும் தந்தார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சுவரில் ஆணி இருந்தது சாமி விளக்குக்கு மேலே மட்டும்தான். அங்கே மாட்டி, வரைந்த திகதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கீழே ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த தம்பி ஒருவர் வந்தார். படத்தைக் கண்டதும் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

“அண்ணை, எப்ப நடந்தது? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?”

மனைவி கரண்டியோடு குசினிக்குள் இருந்து வெளியே வந்தாள்.

“போன கிழமை. பிறகு கறிக்கு உப்புக் காணாதெண்டு எழும்பி வந்தனான். இரும் தம்பி, தேத்தண்ணி ஊத்திறன்.”

சிரித்துச் சிரித்து அவர் போனபின் அவள் சிரிக்கவில்லை.

“இஞ்சாருங்கோ, முதல்ல அதைக் கழட்டுங்கோ. உயிரோட இருக்கிற என்னைத் தனிய விளக்குக்கு மேல கொழுவி, திகதியும் போட்டிருக்கிறியள். மாலை ஒண்டுதான் குறை.”

“வேற சுவரில கொழுவிறன்.”

“எந்தச் சுவரில கொழுவினாலும் அது செத்தவையின்ர படம்தான். ஆனா எனக்கு அது வேணும். முழு முகத்தோட அவ என்னைக் கீறினது அது ஒண்டுதானே.”

சின்யோரா அந்த வியாழக்கிழமை புறப்பட இருந்தார். செவ்வாய் மாலை படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு போனோம். கொடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் மனம் நோகுமோ என்று எனக்குப் பயம். மனைவி இத்தாலியனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

சின்யோரா போர்வையை விலக்கிப் படத்தைப் பார்த்தார்.

“உங்களில் இறந்தவர்களைத்தான் இப்படி மாட்டுவார்களா?”

“தனிய இருந்தால் அப்பிடித்தான். பக்கத்தில ஆரும் இருந்தால் பிழையில்லை,” என்றாள் மனைவி. பிறகு அவளுக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். “நீங்களே வந்து பக்கத்தில இருங்கோ சின்யோரா.”

“நான் முகம் வரைவதில்லை என்று உனக்குத் தெரியும்.”

“நான் முகம் கேட்டனானே? பக்கத்தில இருக்கத்தானே சொன்னனான்.”

சின்யோரா, கட்டிவைத்த வண்ணப் பெட்டியை அவிழ்க்கச் சொன்னார். மனைவியின் தோளுக்கு வலப்பக்கம் வெறுமையாக ஓர் இடம் இருந்தது. அகலத் தூரிகையால், எலுமிச்சை மஞ்சளில், மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கோடு நேராக விழவில்லை. தலைப்பக்கம் மனைவியை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருந்தது. அது கை தவறியதாலா, வேண்டுமென்றேயா என்று எனக்குத் தெரியவில்லை. வாய் சும்மா இருக்காமல், முகங்களை ஏன் விட்டீர்கள் என்று மறுபடி கேட்டுவிட்டேன்.

சின்யோரா மனைவியைப் பார்த்தார். “இவர் வீட்டிலும் இப்படித்தானா?”

“ஓம்,” என்றாள். “நித்திரையிலயும்.”

ஈரப் படத்தை ஓரங்களில் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதே ஆணியில் மாட்டினோம். திகதி ஒட்டக்கூடாது என்று மனைவியின் உத்தரவு, ஒட்டவில்லை. மறுநாள் கீழ்வீட்டு மொரிசியஸ் அம்மா பச்சைமிளகாய் கேட்டு வந்தார். படத்தைக் கண்டு அவர் கைகூப்பவில்லை. கிட்டப் போய், மஞ்சளை நோக்கி விரலை நீட்டி, பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார்.

“சின்யோரா,” என்றாள் மனைவி. “தொட்டிடாதேங்கோ, இன்னும் காயேல்லை.”