இங்கே செய்ய முடியாதது எது

கொரின் டெலோர்மின் மகளுக்குச் சனிக்கிழமை ஒரு வயது நிறைகிறது. வெள்ளி மாலை விமானத்தில் வான்கூவர் போய், கேக் வெட்டி, ஞாயிறு மாலை திரும்பிவிடலாம் என்று ஐந்து வாரத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். வெள்ளி காலை ஏழரைக்குச் செய்தி வந்தது. மாலையிலிருந்து ஞாயிறு வரை கடல் பனிமூட்டம், விமானம் ரத்து. அவள் வேலை பார்க்கும் ஹார்லன் துறையில் இது புதிதில்லை. மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே ஓடுபாதை. மூட்டம் இறங்கினால் இறங்கியதுதான்.

செய்தியை அவள் படித்தது நர்ஸ்களின் ஓய்வறையில், மார்பில் பால் எடுக்கும் மெஷினை வைத்தபடி. எடுத்த பாலைப் பையில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரீசரில் நர்ஸ்களின் சூப் டப்பாக்களுக்கு அடியில் செருகினாள். பதினோரு பைகள் சேர்ந்திருந்தன. மகளைப் பார்த்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

கொரின் வின்னிபெக்கில் பஸ் ஓட்டுநருக்குப் பிறந்தவள். வயது முப்பத்து மூன்று. மருத்துவப் படிப்பு நாலு வருடம், அதன்மேல் உள்மருத்துவம் என்கிற இன்டர்னல் மெடிசின் மூன்று வருடம், அதற்கும்மேல் பொது உள்மருத்துவத்தில் இந்த இரண்டு வருடச் சிறப்புப் பயிற்சி. கூடப் படித்தவர்கள் இதயம், சிறுநீரகம், குடல் என்று ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரே ஆளுக்கு ஐந்து வியாதி வந்தால் ஐந்தையும் சேர்த்துப் பார்க்க யாராவது வேண்டாமா என்பது இவள் கட்சி. "எல்லாத்தையும் படிக்கிறேன் படிக்கிறேன்னு எதையுமே முடிக்க மாட்டேங்கிறா" என்பது மாமியார் கட்சி.

கடைசி வருடத்தில் எட்டு வாரம் தொலைதூர ஊர் ஒன்றில் வேலை பார்த்தாக வேண்டும். ஹார்லன் துறை ஆஸ்பத்திரியில் உள்மருத்துவ நிபுணர் ஒருவர்தான், டாக்டர் கஸ்டாஃப்சன். உறுப்புக்கொரு டாக்டர் எல்லாம் கிடையாது. ஆகவே அங்கே கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: யாரை இங்கேயே வைத்துப் பார்ப்பது, யாரை விமானத்தில் ஏற்றி வான்கூவர் நகரத்துக்கு அனுப்புவது.

அன்று காலை அந்தக் கேள்வி மூன்றாம் படுக்கையில் கிடந்தது. ஐனர் ஹாகன், எழுபத்தொரு வயது, மீன்பிடித்து ஓய்ந்தவர். ஐம்பது வருடம் சிகரெட் பிடித்த நுரையீரலில் புதிதாகச் சளிக்காய்ச்சல். புதன்கிழமை சேர்ந்ததிலிருந்து கொரின்தான் பார்க்கிறாள். மூச்சைத் தள்ளிக் கொடுக்கும் இறுக்கமான முகமூடியைப் போட்டிருந்தும், எட்டு மணி ரத்தத்தில் கரியமில வாயு எழுபத்தெட்டு. நாற்பது, நாற்பத்தைந்து இருந்தால் போதும். இன்னும் ஏறினால் தொண்டைக்குள் குழாய் போட வேண்டிவரும். குழாய் போட்டவரை நாள்கணக்கில் வைத்துப் பார்க்க இங்கே ஆளும் இல்லை, வசதியும் இல்லை.

கொரின் ஏர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முதலில் விமானத்தைப் பிடித்து வை, வேண்டாமென்றால் பிறகு விட்டுவிடு என்பது இங்கே எல்லாரும் செய்கிற முறை. அதில் தப்பில்லை. இரண்டு மணிக்கு வருகிறோம் என்றார்கள். தீவிர சிகிச்சைக் குழு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டது, ஆகவே கூட வர உங்களிடமிருந்தே ஒருவர் வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கஸ்டாஃப்சனிடம் சொன்னபோது அவர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்.

"நான் இங்கேருந்து நகர முடியாது. அனுப்பறதா இருந்தா நீதான் கூடப் போகணும். மூட்டம் விலகினதும் திரும்பி வா."

"நானா?"

"பயிற்சியில இருக்கறவங்களைத்தானே விட்டுக்கொடுக்க முடியும்? ஆனா முடிவு உன்னோடது. இன்னும் ஏழு மாசத்துல தனியா எடுக்கப்போறே. அனுப்பினாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க, வச்சுக்கிட்டாலும் சொல்ல மாட்டாங்க. காரணத்தை மட்டும் ஒழுங்கா எழுது."

ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவனுக்குப் போன் செய்தாள். இங்கேதான் அவள் தவறினாள்.

"ரீட், இன்னிக்கே வந்தாலும் வந்துடுவேன். நோயாளியோட விமானத்துல."

"நிஜமாவா? வின்னி, அம்மா வர்றாளாம்டி! ஏய், அம்மாவாம்!" பின்னால் கரண்டியால் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "கேக் நாளைக்குத்தான். ஆனா இன்னிக்கு நீயே தூங்கவை. நான் பாடினா அழறா."

செய்தி வார்டுக்குள் பரவ அரை மணி நேரம் ஆகவில்லை. ஏர் ஆம்புலன்ஸில் கூடப் போகிறவர்கள் திரும்பும்போது வாங்கிவர வேண்டியவற்றுக்குக் குளிர்பெட்டிக் கதவில் எப்போதும் ஒரு பட்டியல் தொங்கும். மூத்த நர்ஸ் டார்லா பேனாவோடு வந்தாள்.

"கொரினம்மா, எனக்கு ரெண்டு டஜன் பேகல் ரொட்டி. எள்ளு போட்டது. போன தடவை போன புத்திசாலி திராட்சை போட்டதை வாங்கிட்டு வந்தான், நாய்கூடத் தொடல."

"எழுதி வைங்க."

"மாம்பழமும் எழுதறேன். கெட்டியா இருக்கணும். நீ குழந்தையைக் கொஞ்சிக்கிட்டே மறந்துடாதே."

பதினோரு மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கரியமில வாயு அறுபத்தொன்பது. கொரின் திரையைப் பார்த்தாள், மூடினாள், மாற்றல் படிவத்தை எழுத உட்கார்ந்தாள். வயது, மருந்துகள், எட்டு மணி எண், எக்ஸ்ரே. எழுதியது எல்லாமே உண்மை. கடைசியில் ஒரு கட்டம்: இங்கே செய்ய முடியாதது எது? 'நிலைமை மோசமானால் நீண்டநாள் குழாய் மூச்சு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

படிவத்தை விமானக்காரர்களுக்குப் போனில் வாசித்துக் காட்டுவது நர்ஸ் வேலை. டார்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்ணை அழுத்துவதற்கு முன் ஒருமுறை தனக்குத்தானே சத்தமாகப் படித்துப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கு எழுபத்தெட்டு... ம்ம்... பதினோரு மணிக்கு எடுத்தேனே, அது எங்கம்மா? இன்னும் வரலியா?"

கொரினுக்குக் காது சூடேறியது. "வந்துடுச்சு."

"எவ்ளோ?"

"அறுபத்தொன்பது."

"எறங்கியிருக்கே." டார்லா பேனாவை நீட்டினாள். அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. விட்டுப்போன எண்ணை எழுதச் சொன்னாள், அவ்வளவுதான்.

கொரின் எண்ணை எழுதினாள். எழுதியபின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்கவில்லை. மோசமானால் என்று எழுதியிருக்கிறாள். மனிதர் மோசமாகவில்லை, தேறுகிறார். முகமூடி இங்கேயே இருக்கிறது, மருந்து இங்கேயே இருக்கிறது. இங்கே செய்ய முடியாதது என்று யோசித்தால் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். அது வான்கூவரில் இருந்தது, அவருடைய வியாதியில் இல்லை.

"டார்லா, பத்து நிமிஷம் குடுங்க" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் படுக்கைக்குப் போனாள். எட்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். பேச முகமூடியை ஒரு நிமிடம் விலக்கிக் கொடுத்தாள்.

"மணி என்ன?"

"பதினொன்றரை."

"செல்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு."

செல்மா அவர் மனைவி. கீழ்த்தளத்தில் முதியோர் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறாள். அவர் பெயர் அவளுக்கு நினைவில்லை. தினமும் மதியம் வந்து ஊட்டுவார். வேறு யார் ஊட்டினாலும் சாப்பிடுவாள், ஆனால் பாதியில் வாயை மூடிக்கொள்வாள்.

"உங்களை நகரத்துக்கு அனுப்பலாமான்னு பார்க்கறேன், ஐனர். எப்போ திரும்புவீங்கன்னு சொல்ல முடியாது."

"இங்கே வச்சுப் பார்க்க முடியாதா, பொண்ணே?"

கொரின் கையிலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். "பார்க்கலாம். ஆனா திடீர்னு மோசமாச்சுன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் விமானம் கிடையாது. அதையும் தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க."

"ஐம்பது வருஷம் இந்தக் கடல்ல போனவன்கிட்ட மூட்டத்தைக் காட்டி பயமுறுத்தறியா? முகமூடியைப் போடு. காத்து வீணாப் போகுது."

பன்னிரண்டுக்கு விமானத்தை ரத்து செய்தாள். "நிச்சயமாவா? அப்புறம் கேட்டாலும் வர முடியாது" என்றான் எதிர்முனையில் இருந்தவன். "தெரியும்" என்றாள். கஸ்டாஃப்சன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்து, "சரி" என்று மட்டும் சொன்னார். டார்லா பட்டியலில் பேகலை அடித்துவிட்டு மாம்பழத்தை அப்படியே விட்டாள்.

ரீடுக்குப் போன் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"சரி" என்றான். "வர்றேன்னு நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், கொரின்."

"ஆமா."

"அவகிட்ட சொல்லிட்டேன். அவளுக்கு எங்கே புரியப்போகுது. எனக்குத்தான் புரிஞ்சுபோச்சு."

இரண்டு மணிக்கு வானம் நன்றாகத்தான் இருந்தது. ஜன்னலில் நீலம்கூடத் தெரிந்தது. கொரின் பார்க்காமல் இருக்க முயன்று ஏழெட்டு முறை பார்த்தாள். நாலரைக்கு மூட்டம் வந்து, வண்டி நிறுத்துமிடத்தின் விளக்குக் கம்பங்களைக்கூட மறைத்தது. ஆறு மணி ரத்தத்தில் எழுபத்தொன்று. முகமூடியின் அழுத்தத்தை ஏற்றினாள், சளியை எடுக்கச் சொன்னாள், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எட்டுக்கு அறுபத்தாறு. தான் எடுத்தது சரியான முடிவா, அதிர்ஷ்டத்தால் தப்பித்த முடிவா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை.

சனி காலை ஐம்பத்தெட்டு. முகமூடியை மணிக்கணக்கில் கழற்றி வைக்க முடிந்தது. மதியம் டார்லா செல்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஐனர்தான் ஊட்டறாரு. கை நடுங்குது, சூப் பாதி கீழேதான் போகுது" என்று வந்து சொன்னாள். "படுக்கை விரிப்பை ரெண்டு தடவை மாத்திட்டேன். ஆனா கிண்ணம் காலி. நீ போய்ப் பாரேன்."

"அப்புறம் வர்றேன். கேக் வெட்டறாங்க."

ஓய்வறையில் போனைச் சூப் டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். திரையில் வின்னி காகிதத் தொப்பியோடு இருந்தாள். இருபது நாளில் மேலே ஒரு பல் வந்திருந்தது. அம்மாவின் குரல் கேட்டதும் திரையைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழுதாள்.

அழுகை கேட்டதும் கொரினுக்குப் பால் இறங்கி, மேலங்கி நனைந்தது. உடம்புக்குத் தூரம் தெரியாது.

"போனை வச்சுடட்டுமா?" என்றான் ரீட்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அழட்டும். நான் இருக்கேன்."

ஒரு கையால் மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டாள். குழந்தை அழுது ஓய்ந்து, கேக்கில் கையை விட்டு, அப்பாவின் சட்டையில் துடைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை மூடி, அன்றைய தேதியை எழுதி, மற்றப் பைகளின் மேல் வைத்து ஃப்ரீசரைச் சாத்தினாள். மேலங்கியை மாற்றிக்கொண்டு, ஐனரின் ஒரு மணி ரத்த முடிவு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.