ஏறும் முன் கேட்பவர்

தொண்ணூற்றொன்றில், தண்டலத்தில் என் சைக்கிள் கடைக்கு எதிரேதான் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதைப் பார்க்க வரும் லைன்மேன் ஒல்லியானவர். இடது புருவத்தில் பாதி இருக்காது. கம்பத்துக் கைப்பிடியை இறக்கி, மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிய பிறகும் உடனே ஏற மாட்டார். காதருகே கையைக் குவித்து ஊரையே கேட்பார். பிறகு யாருமில்லாத பக்கமாகத் திரும்பி, "ஏறலாமாடா?" என்பார்.

"கரண்டுதான் இல்லியேண்ணா, இன்னா பயம்?" என்றேன் ஒருநாள்.

"எவனாச்சும் மெயினை அணைக்காம ஜெனரேட்டர் போட்டான்னா, அது வூட்டு ஒயர் வழியா திரும்பி இங்க வந்துரும். டிரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கம்னு தெரியாது. கீழேர்ந்து குடுத்தா, பதினோராயிரம் வோல்ட்டா பெருக்கி மேல அனுப்பிடும். என் கூட்டாளி அப்டித்தான் போனான். அவனைத்தான் கேக்கறேன்."

அடுத்த முறை அவர் வந்தது ஒரு மத்தியானம். ஊரில் ஒரு சத்தமில்லை. வழக்கம்போல் கேட்டவர், கம்பத்தில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"வேணாங்கறான்" என்று சொல்லி என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்குவதற்குள் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் உறுமியது. கூடவே, மின்சாரம் நிறுத்திய அந்த டிரான்ஸ்பார்மரும் மெல்ல முனக ஆரம்பித்தது.

அவர் காலியாக இருந்த பக்கம் திரும்பி, "சர்றா" என்றார்.