அப்பாவின் பக்கத்தில் நான் இன்னும் விளையாடுகிறேன்

அப்பா கை தட்டும் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பல வருடம் இரும்புக் குழாய் தூக்கிக் காய்த்துப்போன கைகள் அவருடையவை. ஏழாம் வகுப்பில், வெண்ணந்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நான் முதன்முதலாகக் கபடி பாடிப் போனபோது, அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. எதிரணிப் பெண் ஒருத்தியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று தட்டினார். அடுத்த வருடம் அவருக்குப் பெரிய போன் வந்தது. ஒரு கை அதைப் பிடிக்கவும் இன்னொரு கை தாங்கவும் தேவைப்பட்டன. அதற்குப் பிறகு அவர் தட்டி நான் கேட்டதில்லை.

என் சின்ன வயதில் அப்பா வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் மட்டும் வீட்டுக்கு வருவார். இடுப்பு வலி வந்து வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கி, தறிக்குப் போக ஆரம்பித்தபோது ஊரில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அந்தக் குறை அவருக்கு இருந்தது என்று இப்போது புரிகிறது. இணையத்தில் என் பெயரில் ஒரு பக்கம் தொடங்கி நான் விளையாடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் அதில் போட்டார். கொஞ்ச நாளில் டீக்கடையில் யாரோ, “ஏனுங்க, கபடிப் புள்ளையோட அப்பாதானுங்களே?” என்று கேட்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் தலையைப் படிய வாரிக்கொள்ளத் தொடங்கினேன்.

ஆனால் நாளாக நாளாகப் போன் ஆடுகளத்தோடு நிற்கவில்லை. நான் ஷூ கட்டுவது, தோற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பது, வீட்டில் சாப்பிடுவது எல்லாமே அதற்குள் போயின. “ஒருக்கா மறுபடியும் கட்டு சாமி, வீடியோவுல மூஞ்சி சரியா உழுவுல” என்பார். நானும் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவேன். “புள்ள சோறு திங்கறதையாவது உடுங்க” என்று அம்மா ஒருநாள் தட்டை மறைத்துக்கொண்டு சத்தம் போட்டாள். அதையும் அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார்.

பத்தாம் வகுப்பில் மாவட்ட அணிக்கான தேர்வுப் போட்டி வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் என் இடது முட்டியில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பயிற்சி முடிந்து அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் உடனே குச்சிக்கிழங்குக் காட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினார். மண்ணில் குந்தி உட்கார்ந்து என் முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார்.

“வலிக்குதா சாமி?”

“வலிக்கலீங்கப்பா. திரும்பறப்ப உள்ளுக்குள்ள நழுவுது. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா மத்த டீமுக்காரங்க அந்தக் காலையே புடிப்பாங்க.”

“நா யாருகிட்டச் சொல்லப் போறேன்? என்ற புள்ளைய நானே காட்டிக் குடுப்பனா? தேர்வு முடியட்டும், சேலத்துல பெரிய டாக்டருகிட்டக் காட்டலாம்.”

அவர் சொன்னதை நம்பினேன். அன்று அந்த மனிதரைவிட எனக்கு நெருக்கமானவர் யாருமில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா எண்ணெயைச் சூடு பண்ணி என் முட்டியில் தேய்த்துவிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஏதோ செய்தி படிக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆடுகளத்தில் இறங்கிய முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் புதிதாக இருந்தது. நான் எந்தப் பக்கம் போனாலும் எதிரணிப் பெண்களின் கண் என் இடது காலிலேயே இருந்தது. தற்செயல் என்றுதான் எண்ணினேன். இரண்டாம் பாதியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் இடது கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி முட்டியின் மேல் விழுந்தாள். ஈரத் துணியைக் கிழிப்பதுபோல உள்ளே ஏதோ கிழிந்தது. படுத்த வாக்கில் அப்பாவின் முகத்தைத் தேடினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் போனின் முதுகு இருந்தது. விளையாட்டு டீச்சர் ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் அது கீழே இறங்கியது.

முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். நான் வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, என் கணுக்காலைப் பிடித்த பெண் தன் அம்மாவோடு சாத்துக்குடிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “மனசு கேக்கலீங்கக்கா, அதான் வந்தேன். காத்தால எங்க கோச்சு உங்கப்பா போட்ட வீடியோவக் காட்டுனாரு. எடது காலுக்கு எண்ணெ தேய்க்கறாங்களே, அது. அந்தக் காலையே புடிங்கன்னு சொன்னாரு. இப்பிடி ஆகும்னு நெனைக்கலீங்கக்கா” என்று அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் விளையாட வந்தவள். அவளைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தானே அந்த வீடியோவை எடுத்துக் காட்டினார். சோகமான இசை, கீழே ‘வலியோடு களமிறங்கும் என் மகள்’ என்ற வரி. “உன்னப் பெருமையாத்தான சாமி போட்டேன். எத்தன பேரு உனக்காகச் சாமி கும்புட்டிருக்கறாங்க பாரு” என்றார். காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னதை நினைவுபடுத்தினேன். “நா யாருகிட்டயும் வாயத் தொறந்து சொல்லலியே” என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். நான் விழுந்த வீடியோவையும் அதற்குள் போட்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளியாமல் கிடந்த நேரத்தில் போட்டது. அவர் பக்கத்தில் இன்றுவரை அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

அதற்குப் பிறகு நான் விளையாடவில்லை. படித்தேன், குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக் கடை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. மாடிப்படியில் இறங்கும்போது இப்போதும் கைப்பிடி வேண்டும். போன மாதம் அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது துணி எடுக்க வந்த ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். “நீங்க அந்தக் கபடிப் புள்ளதானுங்களே? நேத்துக்கூட உங்க ஆட்டம் பாத்தனுங்க. அடுத்த மேட்ச் எங்கீங்க?” பழைய ஆட்டங்களை, பழையவை என்று சொல்லாமல், அப்பா இன்னமும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், நன்றாக விளையாடுகிறாள் என்று பதிலும் எழுதுகிறார்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “அது போச்சுன்னா எனக்கு வேற என்ன சாமி இருக்குது?” என்றார். நான் அவருக்கு எதிரில், கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் அவருக்கு வாங்கிக் கொடுத்த புதுப் போன் மேசையில் பிரிக்காமல் இருந்தது. பழையதில் உள்ள படங்களை எல்லாம் அதற்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். மாற்றும்போது அந்தத் தேர்வுப் போட்டியின் அசல் வீடியோ கண்ணில் பட்டது. அவர் பக்கத்தில் போட்டதில் பாட்டுச் சத்தம்தான் கேட்கும். இது பாட்டுச் சேர்க்காதது. நான் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறேன். போனுக்கு மிக அருகில், மூச்சுக் காற்றோடு அப்பாவின் குரல் கேட்கிறது. “எடது காலையே பாக்கறாளுங்க... வந்துரு சாமி. தொட்டது போதும், வந்துரு.”

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வீடியோவில் தன் சத்தம் விழக் கூடாதென்று அடக்கித்தான் சொல்கிறார். குரல் நடுங்குகிறது. நான் விழுகிறேன், டீச்சர் ஓடிவருகிறார், படம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

“எல்லாம் வந்துருச்சா சாமி?” என்று அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

“வந்துருச்சுங்கப்பா” என்றேன்.